கேனோவில் பெரிய மீன்: எதை மாட்டுவது, எதை விட்டுவிடுவது

பெரிய வேட்டை மீனுக்காகக் கேனோவை, அதாவது மேல்மூடி இல்லாத துடுப்புப் படகை, தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் தூண்டில் கோலில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் ரீல், கோல் தாங்கி, ஆழம் காட்டும் கருவி. கையில் ஏதாவது மிஞ்சினால் லைஃப் ஜாக்கெட். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. மீன் ஐம்பது மீட்டர் தள்ளி ஓடும்போது கேனோவுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. அது களைத்துப் படகோரம் வந்து சேரும் கடைசி இரண்டு மீட்டரில்தான் ஆள் எட்டிப் பார்க்கிறார், கை நீளுகிறது, படகு சாய்கிறது. அந்த இரண்டு மீட்டரில் உதவுமா, காலை வாருமா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு சாமானையும் கீழே எடை போட்டிருக்கிறேன்.

பெரிய மீன் என்று இங்கே சொல்வது பல்லும் பலமும் உள்ளவற்றை. குளிர்நாட்டு ஏரிகளில் பைக், மஸ்கி, வெப்பநாட்டு நன்னீரில் வாளை, பெரிய விரால், கழிமுகத்தில் கொடுவா, கரையோரக் கடலில் பாரை, சீலா. பைக்கில் பதிவான உலக சாதனை 1986இல் ஜெர்மனியில் பிடிபட்ட 25 கிலோ மீன். மஸ்கியில் 1949இல் விஸ்கான்சினில் பிடிபட்ட, 30 கிலோவைத் தாண்டிய மீன். ஐரோப்பிய ஆறுகளின் வெல்ஸ் கெளுத்தி இரண்டு மீட்டரையும் தாண்டி வளரும். சாதனை மீன் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் ஒரு மீட்டர் நீள பைக் மாட்டினாலே போதும்.

கவிழ்ப்பது மீனா, ஆளா?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 14 கிலோ தாங்கும் தூண்டில் நரம்பு. ரீலின் டிராக்கை (மீன் எவ்வளவு இழுத்தால் நரம்பு நழுவிப் போக வேண்டும் என்ற இறுக்கத்தை) நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீன் பக்கவாட்டில் நேர் கீழே இழுக்கிறது, கோலின் நுனி படகின் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் வெளியே நிற்கிறது. சாய்க்கும் திறன் என்பது எடையைத் தூரத்தால் பெருக்கியது: நான்கும் ஒன்றரையும் பெருக்கினால் 6. இப்போது 75 கிலோ ஆள் மீனைப் பார்க்கக் கொஞ்சம் சாய்கிறார், அவருடைய எடைமையம் 15 சென்டிமீட்டர் நகர்கிறது. 75ஐ 0.15ஆல் பெருக்கினால் 11க்கு மேல். மீன் இழுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அவரே சாய்த்துவிட்டார். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் 17.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீனின் இழுப்புக்கு எதிராக உடம்பைப் பின்னால் சாய்த்து ஆள் சமன் பிடித்திருக்கும் நேரத்தில் முள் கழன்றாலோ நரம்பு அறுந்தாலோ, அந்த எதிர்ச்சாய்வு அப்படியே நிற்கும், அதை ஈடுகட்ட மீனின் இழுப்பு இல்லை. மீன் வலப்பக்கம் இருக்க இடப்பக்கம் விழுகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள்.

ஆகவே தலை படகின் விளிம்பைத் தாண்டக்கூடாது. சொல்வது சுலபம், கடைசி நிமிடத்தில் நினைவில் வராது. சாமான்களே அதை நினைவுபடுத்துகிற மாதிரி இருக்க வேண்டும். எட்ட வேண்டிய தேவையைக் குறைக்கும் பொருளுக்கு முதலிடம், கூட்டும் பொருளுக்குக் கடைசி இடம்.

படகின் உடல்

கேனோ ஏற்கெனவே இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும்: நீளம் 4.6 முதல் 5 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டரை ஒட்டி. அதற்குக் குறுகலானது வேகமாகப் போகும், இந்த வேலைக்கு ஆகாது. முழுத் தட்டையான அடி அசையாத தண்ணீரில் தரைபோல நிற்கும். அலை பக்கவாட்டில் வந்தால் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும். லேசாக வளைந்த அடி முதலில் ஆடுவதுபோலத் தெரியும், ஆனால் சாயச் சாய எதிர்த்து நிற்கும். சின்னக் குளம், ஓடை என்றால் தட்டை அடி. திறந்த ஏரி, கழிமுகம் என்றால் வளைந்த அடி. அலுமினியம் உழைக்கும், ஆனால் ஒவ்வொரு தட்டலும் தண்ணீருக்குள் கேட்கும். கெவ்லார் தூக்கச் சுகம், காற்றில் பறக்கும். பாலிஎத்திலீன் கனம், அந்தக் கனம் இங்கே குறை இல்லை.

கயாக் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: தனியாகத் திறந்த நீரில் போகிறவர் என்றால், ஆம், மேலே உட்காரும் வகைக் கயாக் மேல். அதில் ஏறிய தண்ணீர் தானே வடியும், விழுந்தவர் தானே ஏறிக்கொள்ளலாம். கவிழ்ந்த கேனோவில் ஆழத் தண்ணீரில் ஒற்றை ஆளாக ஏறுவது பயிற்சி உள்ளவருக்கே கஷ்டம். இரண்டு பேர், நிறையச் சாமான், பெரிய வலை, மீனைப் போட்டுப் பார்க்க இடம் என்றால் கேனோ.

தாழ்ந்த இருக்கையா, பக்க மிதவையா?

அதிகம் சண்டை நடப்பது இங்கேதான். பக்க மிதவை என்பது படகின் குறுக்கே ஒரு தண்டு போட்டு இரு முனையிலும் மிதவை கட்டுவது. மாட்டியவுடன் நம்பிக்கை வந்துவிடும், எழுந்து நிற்கத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 லிட்டர் கொள்ளளவுள்ள மிதவை நடுக்கோட்டிலிருந்து 75 சென்டிமீட்டரில் இருந்தால், முழுக்க அமிழ்ந்த நிலையில் அது தரும் எதிர்விசை ஏழரை. மீனின் 6ஐ அது தாங்கும். மீனும் ஆளும் சேர்ந்த 17ஐத் தாங்காது, மிச்சத்தைப் படகின் உடலே பார்த்துக்கொள்ள வேண்டும். முழுக்க அமிழ்ந்த பிறகு மிதவையிடம் கொடுப்பதற்கு எதுவும் மீதி இல்லை. 20 லிட்டர் மிதவையை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் கதை வேறு, 20 கிடைக்கும். அப்போது தண்டின் பலமும் விளிம்பில் அது பூட்டியிருக்கும் இடமும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். மெல்லிய தண்டோடு வரும் பொம்மை மிதவைகள் இந்தச் சோதனையில் தோற்பவை.

நரம்புச் சிக்கல் வேறு. படகடியில் பாயும் மீன் மிதவையைச் சுற்றிவிட்டால், அதை எடுக்க ஆள் எட்ட வேண்டும். எதைத் தவிர்க்க மிதவை வாங்கினோமோ அதையே அது செய்ய வைக்கிறது.

இருக்கையைத் தாழ்த்துவதற்குச் செலவு குறைவு. தொங்கும் போல்ட்டுகளை நீளமாக்கி 8 அல்லது 10 சென்டிமீட்டர் இறக்கினால் போதும். மிதவை, படகு ஓரளவு சாய்ந்து அது தண்ணீரைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யும். தாழ்ந்த எடைமையம் முதல் அசைவிலிருந்தே வேலை செய்யும். மீன் பக்கம் வந்ததும் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலில் நின்றுவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு முழங்காலும் படகின் அடியை அகலமாகப் பிடித்துக்கொள்ளும், இடுப்புக்கு மேலே உடம்பு தனியாகத் திரும்பும். முழங்காலுக்கு ஒரு தடித்த பஞ்சுப் பாய் போடுங்கள். ஒரே எச்சரிக்கை: இருக்கையின் கீழே பாதம் தடையில்லாமல் வெளியே வர இடம் வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் கவிழும்போது கால் மாட்டிக்கொள்ளும்.

என் தீர்ப்பு இப்படி. இரண்டு பேர் போகும் அகலமான கேனோவுக்குத் தாழ்ந்த இருக்கை போதும், மிதவை தேவையில்லை. ஒற்றை ஆள், அல்லது நின்று எறிந்தே தீருவேன் என்கிறவர், கனமான மிதவை போடட்டும். அதை ஆளின் முதுகுக்குப் பின்னால், தண்ணீருக்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி வைத்தால் துடுப்புக்கும் நரம்புக்கும் தடை குறையும். மீன் மாட்டியதும் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றபடி பெரிய மீனோடு மல்லுக்கட்ட எந்த மிதவையும் போதாது.

தண்ணீருக்குள் போன ஆளுக்கு

லைஃப் ஜாக்கெட்டில் இரண்டு கட்சி: பஞ்சு வைத்தது, காற்று நிரப்புவது. எண்ணைப் பார்த்தால் காற்று வகை ஜெயிக்கும். துடுப்புப் படகுகளில் போடும் பஞ்சு மேலங்கி பொதுவாக 50 நியூட்டன் மிதப்புத் தரும் வகை; காற்று வகை பெரும்பாலும் 150. நினைவிழந்தவரை முகம் மேலே வரத் திருப்பும் திறன் 150க்கு உண்டு, 50க்கு அந்த உத்தரவாதம் இல்லை. மெல்லிசாக இருப்பதால் வெயிலில் கழற்றிப் போடத் தோன்றாது, எறியவும் கை தடுக்காது.

அப்படியும் நான் பஞ்சின் பக்கம். காரணம் முள். பெரிய மீனுக்கான போலி இரைகளில் இரண்டு மூன்று மும்முள் கொக்கிகள் தொங்கும். மீன் துள்ளும்போது அவை எங்கே போய்க் குத்தும் என்று யாரும் சொல்ல முடியாது. காற்றுப் பையில் ஒரு துளை விழுந்தால் 150 பூஜ்யம் ஆகிவிடும். பஞ்சில் ஐந்து துளை விழுந்தாலும் 50 ஐம்பதாகவே இருக்கும். தானாக நிரம்பும் வகை, மாத்திரை கரைந்து இயங்கும் அமைப்பாக இருந்தால், கேனோவின் அடியில் தேங்கும் தண்ணீரிலும் மழையிலும் வேளை கெட்ட வேளையில் வெடித்து விரியும். கையால் இழுப்பது, விழுந்த அதிர்ச்சியில் இழுக்க நினைவு இருக்குமா என்ற கேள்விக்கு உட்பட்டது. ஊதிய கழுத்துப்பட்டையோடு படகில் ஏறுவதும் சிரமம். நீச்சல் தெரியாதவர், தனியாகக் கரையிலிருந்து வெகுதூரம் போகிறவர் இருவருக்கும் மட்டும் 100 நியூட்டனோ அதற்கு மேலோ உள்ள பஞ்சு வகையைச் சொல்வேன். பருமன்தான், பொறுத்துக்கொள்ளட்டும்.

பைக், மஸ்கி பிடிப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டியது தண்ணீரின் குளிர். இந்த மீன்கள் நன்றாகக் கடிக்கும் பருவம் பெரும்பாலும் தண்ணீர் சில்லிட்டிருக்கும் பருவம். குளிர்நீரில் விழுந்தவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் 1-10-1 கணக்கு: மூச்சை அடக்கி நிதானப்பட ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் தன்னை அறியாமல் திணறி மூச்சிழுக்கும்போது வாயை நீருக்கு மேலே வைத்திருக்கும் ஒரே பொருள் உடம்பில் மாட்டியிருக்கும் மேலங்கி. இருக்கைக்கு அடியில் மடித்து வைத்த மேலங்கியால் அந்த ஒரு நிமிடத்தில் பயன் இல்லை.

படகுக்கும் மிதப்பு வேண்டும். நிறைந்த கேனோவில் சில நூறு லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது சில நூறு கிலோ. படகோடு வரும் பஞ்சு அதை மூழ்கவிடாது, அவ்வளவுதான். இரு முனையிலும் காற்றுப்பை திணித்துக் கயிறு வலை போட்டுக் கட்டினால் அந்த இடத்தில் தண்ணீர் புக முடியாது, இறைத்து முடிக்கும் நம்பிக்கை வரும். பக்க மிதவைக்கும் காற்றுப்பைக்கும் ஒன்றுக்குத்தான் வழி என்றால் காற்றுப்பை வாங்குங்கள்.

பிடித்த மீனைப் பிடிப்பது

மீனைக் கையாளும் சாமான்களில் தேர்வு நிறைய, தவறான தேர்வும் நிறைய. குத்துக்கொக்கி முதலில் விலகட்டும். ஆடும் படகில் கூர்முனையோடு பெரிய மீனைத் தூக்குவது என்றால் முழு எடையும் விளிம்புக்கு வெளியே ஒரே கையில். விட்டுவிடப் போகும் மீன் என்றால் கேள்வியே இல்லை. வாயைக் கவ்வும் லிப் கிரிப் வசதியாகத் தோன்றும். சின்ன மீனுக்குச் சரி. பெரிய மீனைத் தாடையால் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடையும் முதுகெலும்பும் கெடும். உருண்டு முறுக்கும் மீன் கிரிப்போடு சேர்த்து மணிக்கட்டையும் முறுக்கும். தொட்டில் வலை இரண்டு பக்கமும் கழி வைத்தது, நீண்ட மீனுக்கு அருமை. ஆனால் அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், ஒற்றை ஆளுக்குப் பயன்படாது.

மிஞ்சுவது கைப்பிடி வலை. ரப்பர் பூச்சுள்ளது, ஆழமான பை, நீண்ட பிடி. மும்முள் கொக்கி சாதாரண நூல் வலையில் சிக்கினால் எடுக்கவே முடியாது. ரப்பரில் அவ்வளவாகச் சிக்காது. வலையைத் தூக்குவதற்கு என்று நினைப்பதுதான் தப்பு. தண்ணீரிலேயே மீனை அடைத்துவைக்கும் கூண்டு அது. தலை முதலில் உள்ளே போனதும் பிடியை இழுத்து, வளையத்தை விளிம்பில் அணைத்துவைத்து, மீன் நீருக்குள் மூச்சுவிட்டபடி இருக்க, முள்ளை எடுக்க வேண்டும். பிடி நீளம் முக்கியம்: ஒன்றரை மீட்டர் இருந்தால் தலை விளிம்புக்குள் இருக்கும்.

முள் எடுக்க 25 சென்டிமீட்டருக்குக் குறையாத நீண்ட மூக்குக் குறடு. அதோடு கெட்டி எஃகு முள்ளையே வெட்டும் குறடு ஒன்று. இரண்டாவதைப் பலர் வாங்குவதில்லை. கேனோவில் நடக்கக்கூடிய மிக மோசமான காரியம், இரையின் ஒரு கொக்கி மீன் வாயிலும் இன்னொன்று உங்கள் கையிலும் இருப்பது. மீன் ஒவ்வொரு முறை உதறும்போதும் கை அதோடு போகும். அப்போது முள்ளை வெட்டும் குறடு மேலங்கியின் பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. இதையே முன்கூட்டித் தவிர்க்க மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போடலாம், குறைந்தபட்சம் முள்ளின் எதிர்ச்செதிலை (முனைக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூரை) குறட்டால் நசுக்கி விடலாம். சில மீன் தப்பும், தப்பட்டும்.

இன்னொரு வழி இருக்கிறது, சாமானே வேண்டாதது: பக்கத்தில் கரை சரிவாக இருந்தால் மீனை இழுத்துக்கொண்டே துடுப்புப் போட்டுக் கரைசேர்ந்து, முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று முடிப்பது. வெல்ஸ் கெளுத்தி அளவு மீனுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. முதலை, வேகமான நீரோட்டம், சேறு எதுவும் இல்லாத கரையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. கரையும் இல்லை, மீனும் வலைக்குள் அடங்காது என்றால், லீடரை (நரம்பின் முனையில் முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த துண்டை) முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே வெட்டிவிட வேண்டும். லீடரைக் கையில் ஒருபோதும் சுற்றக்கூடாது.

நரம்பு, கோல், தாங்கி

பின்னல் நரம்பு நீளாது, மெல்லிசு, தூரத்தில் முள்ளை நன்றாகப் பதிக்கும். ஆனால் படகோரம் மீன் திடீரென்று பாயும்போது நீளாத நரம்பின் முழு அதிர்ச்சியும் கோலுக்கும் உங்களுக்கும் வரும். மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு, நீண்டு கொடுக்கும். இரண்டையும் சேர்ப்பது நல்லது: பின்னல் பிரதான நரம்பு, அதன் முனையில் ஒன்றரை மீட்டர் தடித்த மோனோ, பல்லுக்கு எதிராக ஒரு சாண் எஃகு இழை. பைக், சீலா மாதிரிப் பல் மீனுக்கு எஃகு இழையில் சமரசம் இல்லை. கொடுவாவுக்குத் தடித்த மோனோவே போதும், அது அறுப்பதைவிட உரசித் தேய்ப்பதுதான் அதிகம்.

கோல் நீளத்தில் 2.1 மீட்டருக்கும் 2.4 மீட்டருக்கும் இடையே எடுங்கள். குட்டைக் கோல் உட்கார்ந்து ஆட்டச் சுகம்தான், ஆனால் மீன் படகடியில் மறுபக்கம் பாயும்போது நுனியை முன்னணியத்தை (படகின் முன்முனையை) சுற்றிக் கொண்டுபோக அது எட்டாது. இடம் மாறாமல் கோலால் மட்டும் மீனோடு சுற்றிவர வேண்டும். அதிலும் மீனை முன்னணியத்தின் திசைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. நேர் முன்னால் இழுக்கும் மீன் கேனோவைக் கவிழ்க்காது, இழுத்துக்கொண்டுதான் போகும். கோல் தாங்கி வேண்டுமா? துடுப்புப் போட்டபடி இரை இழுத்துப் போவதற்கு வேண்டும், முன்னோக்கி வைத்தால். பக்கவாட்டில் நீட்டி, டிராக்கையும் இறுக்கி வைத்தால் மீன் கடிக்கும் கணத்தில் அது சாய்க்கும் நெம்புகோல். கோலை உடம்போடு கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

நிற்பதற்கும் நகர்வதற்கும்

நங்கூரத்தைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டக்கூடாது; நீரோட்டத்தில் பக்கவாட்டில் திரும்பிய கேனோ தண்ணீர் குடித்துவிடும். முனையில்தான் கட்ட வேண்டும். கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதப்புக் கட்டை இருந்தால் மீன் மாட்டியதும் நங்கூரத்தை அப்படியே விட்டுவிட்டு மீனின் பின்னால் போகலாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். காற்றில் மெதுவாக ஒதுங்கிப் போகும் ஏரி மீன்பிடிக்கு நங்கூரத்தைவிட இழுவைப் பை (தண்ணீரில் விரிந்து படகை மெதுவாக்கும் துணிப்பை) நல்லது. கயிற்றை அறுக்க வெட்டுக்கத்தி இரண்டுக்கும் பொது.

மின்மோட்டார் விஷயத்தில் ஆள் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். இரண்டு பேர் என்றால் பின்னால் இருப்பவரின் துடுப்பே உலகின் சிறந்த மோட்டார். சத்தமில்லை, நரம்பைச் சுற்றாது, மீனை எப்போதும் முன்னணியத்தின் பக்கம் வைக்கும்படி படகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒற்றை ஆளுக்கு மோட்டார் ஒரு கையை விடுவிக்கிறது, காற்றில் திரும்பிவரவும் உதவும். ஆனால் விளிம்பில் தொங்கும் மோட்டார் ஒரு பக்கம் எடை சேர்க்கும். 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் ஏறத்தாழ 30 கிலோ, அதே அளவு லித்தியம் அதில் பாதிக்கும் கீழே. எதுவானாலும் அடியில், நடுவில், கவிழ்ந்தாலும் உருளாதபடி கட்டியிருக்க வேண்டும். மீன் கிட்ட வந்ததும் மோட்டாரைத் தூக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், தூண்டில்களைக் கரையில் வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் துணைக்கு ஒருவரோடு கேனோவை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். எது மிதந்து ஓடுகிறது, எந்தக் கயிறு காலைச் சுற்றுகிறது, மேலங்கியோடு விளிம்பில் ஏற முடிகிறதா, குறட்டுக்குக் கை போகிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பக்க மிதவை வாங்கலாமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு முடிவெடுக்கலாம்.